குன்று காத்த வீரர்

சிங்கப்பூர்த் தீவின் தென்மேற்குக் கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு குன்றுத் தொடர் உண்டு. மலை என்று போற்றும் அளவுக்கு அஃது உயர்ந்ததன்று; மேடு என்று ஒதுக்கிவிடும் அளவுக்குத் தாழ்ந்ததும் அன்று. போர்க்காலத்தில் பாசிர் பாஞ்சாங் முகடு என வழங்கிய அத்தொடர் பிற்காலத்தில் கெண்ட் ரிட்ஜ் என்னும் பெயர் பெற்றது. அத்தொடரைச் சேர்ந்த குன்று ஒன்றின் அடிவாரத்தில், காலனி அரசாங்கம் நடத்திவந்த அபின் பொட்டலமிடும் ஆலை இருந்தது. அதனால் மக்கள் அக்குன்றைப் புக்கிட் சண்டு என்று அழைத்தனர். மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. சண்டு என்பது புகைப்பதற்கெனப் பக்குவம் செய்யப்பட்ட அபின். அபின் குன்று என்பது அப்பெயரின் பொருள்.

மயக்கம் தரும் பொருளால் பெயர் பெற்ற அக்குன்று, இறுதிவரை மயங்காது நின்ற ஒரு வீரரால் வரலாற்றில் இடம்பெற்றது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள், மலாய்ப் பட்டாளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் அட்னான் பின் சைடி என்பார் தம்முடைய சிறு படையுடன் அக்குன்றில் நின்று, தம்மினும் பன்மடங்கு பெரிய ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்தார். அதற்கு மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

குன்றும் போயிற்று, நகரமும் போயிற்று. அவ்வாறாயின் அங்குச் சிந்திய குருதியால் விளைந்த பயன் யாது? வெற்றி தராத வீரத்தை மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைவிற் கொள்வது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அவ்வீரர் சேர்ந்திருந்த படையின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

படை பிறந்த வரலாறு

மலாயாவில் பிரிட்டிஷார் ஆட்சி வேரூன்றிய பின்னர், அந்நாட்டின் காவற்பணியில் மண்ணின் மைந்தரான மலாய்க்காரருக்குப் படைவீரர் என்னும் நிலை நெடுங்காலம் கிட்டவில்லை. பிரிட்டிஷ்ப் படையினரும், இந்தியாவிலிருந்து வந்த படையினருமே அப்பணியைச் செய்துவந்தனர். மலாய் மாநிலங்களின் பெயரால் அமைந்திருந்த பழைய காவற்படையில்கூடச் சீக்கியரும் பட்டாணியரும் பஞ்சாபி முஸ்லிம்களுமே மிகுதியாக இருந்தனர். அப்படையும் 1919-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

மலாய்க்காரர்களுக்கெனத் தனிப்படை வேண்டும் என்று மலாய் அரசர்களும் தலைவர்களும் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தனர். ஆட்சியாளர்க்கோ ஐயம். ஆற்றங்கரைக் கம்பங்களில் பயிர் செய்தும் மீன் பிடித்தும் அமைதியாக வாழ்ந்து பழகிய இளைஞர்கள் படை ஒழுங்கைத் தாங்குவார்களா, இட்ட கட்டளைக்குப் பணிவார்களா, போர்முனையில் நிலைத்து நிற்பார்களா என்று அவர்கள் ஐயுற்றனர். எனினும் 1933-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இதற்கான சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச் முதல் நாள் போர்ட் டிக்சனில் இருபத்தைந்தே இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் பட்டாளம் தொடங்கியது. அந்த 25 இடங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர் என்பது கருதத்தக்கது. மேஜர் புரூஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார்.

அச்சிறு படைக்கு இடப்பட்ட முதற்பெயர் சோதனைக் கம்பெனி என்பதாகும். பெயரிலேயே ஐயம் ஒட்டியிருந்தது. சோதனை வென்றால் படை வளரும். தோற்றால் கலைக்கப்படும் என்பது கருத்து. சோதனை வென்றது. 1935-இல் 150 பேராக வளர்ந்த படை, 1938-இல் ஒரு முழுப் பட்டாலியன் ஆயிற்று. போர் வாயிலில் வந்து நின்ற 1941 டிசம்பரில் இரண்டாவது பட்டாலியனும் உருவாயிற்று.

இப்பட்டாளம் தன் குறிக்கோளாக ஏற்றுக்கொண்ட சொற்கள் இரண்டு: ‘தாஅட் செத்தியா’ என்பன. பணிவும் உண்மையும் என்று அவற்றுக்குப் பொருள் கூறலாம். முன்னது அரபுச் சொல்லின் வழிவந்தது. பின்னது தமிழர்க்குப் புதியதன்று. தமிழில் சத்தியம் என்று வழங்கும் வடசொல்லே மலாய் மொழியில் ‘செத்தியா’ ஆகி, சொன்ன சொல் தவறாமையையும் நம்பியவரைக் கைவிடாமையையும் குறித்து நிற்கிறது. இரு சொற்களும் அணிகலனாகச் சின்னத்தில் பொறிக்கப்பட்டதோடு நின்றுவிட்டனவா, அன்றி வீரர்தம் உள்ளத்திலும் பொறிக்கப்பட்டனவா என்பதைக் காலம் ஒன்பதே ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தது.

வகுப்பறையிலிருந்து பாசறைக்கு

அட்னான் 1915-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தில் காஜாங்கிற்கு அருகிலுள்ள சுங்கை ராமால் என்னும் சிற்றூரில் பிறந்தார். மினங்கபாவ் மரபினர். ஆங்கிலக் கல்வி கற்று, ஓராண்டுக்கு மேல் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் கம்பத்து இளைஞன் ஒருவனுக்கு ஆசிரியத் தொழில் மதிப்பும் நிலைத்த வருவாயும் உடைய தொழிலாகும். அதனை விடுத்து 1933-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், இன்னும் சோதனை என்னும் பெயர் நீங்காத அப்பட்டாளத்தில் அவர் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே புதுப் படைஞருள் சிறந்தவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936-இல் சார்ஜண்ட் ஆனார். 1937-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடைபெற்ற ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்பில் கலந்துகொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அவரும் ஒருவர். பின்னர்க் கம்பெனி சார்ஜண்ட் மேஜராக உயர்ந்து, அதிகாரிக்குரிய பயிற்சியும் பெற்று, லெப்டினன்ட் ஆகி, முதல் பட்டாலியனின் ‘சி’ கம்பெனியில் 7-ஆம் பிளட்டூனுக்குத் தலைமை ஏற்றார். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவராதலின், துப்பாக்கி துடைப்பது முதல் அணியை நடத்துவது வரை ஒவ்வொன்றையும் தாமே கற்றுப் பின் பிறர்க்குக் கற்பித்தவர் அவர். வகுப்பறையை விட்டு வந்தவரேனும் கற்பிக்கும் தொழிலை அவர் விட்டாரல்லர்.

1938-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியார் சமய ஆசிரியை. 1941-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குடும்பம் சிங்கப்பூருக்கு வந்து, பாசிர் பாஞ்சாங் பகுதியில் படையினர்க்கான வீடொன்றில் தங்கியது. போர் மூண்டதும் கருவுற்றிருந்த மனைவியையும் இளம் பிள்ளைகளையும் அவர் காஜாங்கிற்கு அனுப்பிவைத்தார். அவர்கள் மீண்டும் அவரைக் காணவில்லை. எந்தப் பகுதியில் அவர் குடும்பத்தோடு சில நாட்கள் வாழ்ந்தாரோ அந்தப் பகுதியே சில வாரங்களில் அவருக்குப் போர்க்களமாயிற்று.

எழுபது நாட்கள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. இரண்டு நாட்கள் கழித்து, ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் வானூர்திகளால் தாக்குண்டு கடலில் மூழ்கின. வானிலும் கடலிலும் வலிமை இழந்த பிரிட்டிஷ்ப் படைகள் தீபகற்பம் முழுவதும் பின்வாங்கிக்கொண்டே வந்தன. 1942 ஜனவரி 31-ஆம் நாள் கடைசிப் படைகளும் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்து சேர, பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியர் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினர். 11-ஆம் நாள் புக்கிட் தீமா அவர்கள் வசமாயிற்று. அங்கிருந்து நகரை நெருங்க அவர்களுக்குப் பல வழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, மேற்குக் கரையோரமாக வந்து பாசிர் பாஞ்சாங் முகட்டைப் பிடித்து, அதன் வழியே அலெக்சாண்டிரா வட்டாரத்தினுள் நுழைவது. அவ்வட்டாரத்தில்தான் பிரிட்டிஷாரின் பெரிய வெடிமருந்துக் கிடங்குகளும், உணவுப் பண்டகசாலைகளும், இராணுவ மருத்துவமனையும், நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கும் இருந்தன. அதனைக் கடந்தால் துறைமுகம். துறைமுகத்தை அடுத்து நகரம். நகரத்திலோ அகதிகளாக வந்தோரும் சேர்ந்து மக்கள் நெருக்கம் அளவு கடந்திருந்தது. நீர்த்தேக்கங்கள் பகைவர் கையிற் சிக்க, குழாய்கள் குண்டுவீச்சில் உடைய, குடிநீரே கேள்விக்குறியாகியிருந்த நேரம் அது.

பாசிர் பாஞ்சாங் முகட்டைக் காக்கும் பணி முதலாவது மலாயாப் பிரிகேடைச் சார்ந்தது. அப்பிரிகேடின் முதன்மையான அங்கமாக நின்றது மலாய்ப் பட்டாளம். 44-ஆம் இந்தியப் பிரிகேடு அதன் பக்கத்தே நின்றது. எதிரே வந்தது, முத்தகுச்சி என்னும் தளபதியின் கீழ் இயங்கிய ஜப்பானிய 18-ஆம் டிவிஷன். சீனாவில் போரிட்டுப் பழகிய படை அது.

பிப்ரவரி 13

13-ஆம் நாள் ஜப்பானியப் பீரங்கிகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அம்முகட்டின்மீது இடைவிடாது குண்டு பொழிந்தன. அதன் பின்னர்க் காலாட்படை முன்னேறியது. மலாய்ப் பட்டாளத்தினர் அகழிகளில் நின்று எதிர்த்தனர். பட்டாளம் பிறந்தபின் அதன் முழு வலிமையும் உரைகல்லில் இடப்பட்ட பெரும்போர் இதுவே எனலாம். அன்று முழுவதும் போர் நடந்தது. இருதரப்பிலும் இழப்பு மிகுந்தது. மாலைக்குள் முகட்டின் மேற்குப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோயின. புவன விஸ்தா சாலை முகட்டைக் கடக்கும் கணவாய் கைவிட்டுப் போனதும் காவல்வரிசை கிழக்கு நோக்கிச் சுருங்க வேண்டியதாயிற்று.

நள்ளிரவில் ‘சி’ கம்பெனிக்குக் கட்டளை வந்தது: புக்கிட் சண்டுக்குச் சென்று அங்கு நிலைகொள்ளுக என்பது அது. பகல் முழுதும் போரிட்டுக் களைத்த வீரர்கள் இருளில் நடந்து அக்குன்றை அடைந்து, மணல் மூட்டைகளை அடுக்கிப் புதிய காவல்நிலைகளை அமைத்தனர். அட்னானின் பொறுப்பில் 42 பேர் இருந்தனர் என்பர். துப்பாக்கிகள், கைக்குண்டுகள், சில லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் ஆகியவையே அவர்தம் கருவிகள்.

அக்குன்றின் இருப்பிடம் மற்றொரு வகையிலும் கொடியது. நார்மன்டன் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் தீப்பற்றி, பெரிய கால்வாய் ஒன்றில் எரிந்துகொண்டே ஓடியது. ‘சி’ கம்பெனிக்கும் தெற்கே நின்ற ‘டி’ கம்பெனிக்கும் நடுவே அந்த நெருப்பாறு கிடந்தது. முன்னே பகைவர், பின்னே தீ. ஆதலின் புக்கிட் சண்டில் நின்றோர்க்குப் பின்வாங்கும் வழி அடைபட்டிருந்தது. ஆனால் வேறொரு வழி திறந்தே இருந்தது. வெள்ளைத் துணியை உயர்த்துவதுதான் அவ்வழி. அதனை அவர்கள் தேடவில்லை.

நால்வரிசை

14-ஆம் நாள் பகலில் குன்றின்மீது பீரங்கித் தாக்குதல் கடுமையாயிற்று. நண்பகலுக்குப் பின்னர் ஒரு விந்தையான காட்சி தென்பட்டது. பெப்பிஸ் சாலை வழியே ஒரு படைக்குழு குன்றை நோக்கி வந்தது. அவர்கள் உடுத்தியிருந்தது பிரிட்டிஷ் இந்தியப் படையின் உடை. பஞ்சாபிச் சிப்பாய்களைப் போன்று தலைப்பாகையும் அணிந்திருந்தனர் என்று கூறப்படுகிறது.

அந்நேரத்தில் குன்றின்மேல் நின்ற ஒருவருடைய மனநிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அண்மையில் இந்தியப் படைகள் போரிட்டுக்கொண்டிருந்தமை உண்மை. அவற்றுள் சில பின்வாங்கி வந்துகொண்டிருந்தமையும் உண்மை. ஆதலின் களைப்புற்ற இந்தியச் சிப்பாய்கள் சிலர் நட்புப் படையை நாடி வருவது இயல்பே. அவர்கள் நண்பராக இருந்து, அவர்களைச் சுட்டுவிட்டால், அதனினும் பெரிய பழி வேறில்லை. அவர்கள் பகைவராக இருந்து, அவர்களைச் சுடாதுவிட்டால், காவல்வரிசையே அழிந்துபோகும். எண்ணித் துணிய நாள் இல்லை, நாழிகையும் இல்லை, சில நொடிகளே உள்ளன.

அட்னான் வருவோரின் உடையைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அவர்தம் நடையையும் பார்த்தார். அவர்கள் நால்வர் நால்வராக அணிவகுத்து வந்தனர். பிரிட்டிஷ்ப் படை முறையைப் பின்பற்றுவோர் அக்காலத்தில் மும்மூவராக நடப்பதே வழக்கம். உடை பிரிட்டிஷ் இந்தியப் படையினது. நடையோ ஜப்பானியப் படையினது. வேடத்தை மாற்றியவர்கள் பழக்கத்தை மாற்ற மறந்துவிட்டனர்.

இதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பிரிட்டிஷ்ப் படையிலும் முன்னர் நால்வரிசை முறையே இருந்தது. 1930-களின் பிற்பகுதியில்தான் அது மூன்று வரிசையாக மாற்றப்பட்டது. 1933-இல் படையிற் சேர்ந்து, சார்ஜண்ட் நிலையில் பிறர்க்கு அணிநடை பயிற்றிய ஒருவர் அம்மாற்றத்தைத் தம் பணியிலேயே கண்டவராதல் வேண்டும். மற்றையோர்க்கு அது வெறும் பழக்கம். கற்பித்தவர்க்கோ அது பாடம். மாணவர் ஏட்டில் ஒற்றுப்பிழை ஆசிரியர் கண்ணிலிருந்து தப்பாதவாறு போல, அந்த ஒரு வரிசை மிகுதி அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை.

அவர் உடனே சுடும்படி ஆணையிடவில்லை என்பதும் கருதத்தக்கது. அவர்கள் நெருங்கி வரும்வரை பொறுத்திருந்தனர். காவல்வரிசைக்கு அருகே வந்ததும் இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. ஏறத்தாழ 22 பேர் அங்கேயே வீழ்ந்தனர். எஞ்சியோர் குன்றின் சரிவில் உருண்டு உயிர் தப்பினர். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். படைச்செருக்கு என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அன்று புக்கிட் சண்டில் இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே விளங்கின.

இறுதிப் போர்

சூழ்ச்சி பலிக்காமற் போகவே, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஜப்பானியர் பெரும்படையுடன் குன்றின்மீது பாய்ந்தனர். இம்முறை வேடமும் இல்லை, மறைவும் இல்லை. அலை அலையாக மேலேறி வந்தனர். மலாய் வீரர்களிடம் குண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. கைக்குண்டுகள் தீர்ந்தன. காவல்வரிசை பல இடங்களில் உடைந்தது. பின்னர் நடந்தது கைகலப்புப் போர். துப்பாக்கிமுனைக் கத்தியும், துப்பாக்கிக் கட்டையும், வெறுங்கையும் கருவிகளாயின.

அட்னான் படுகாயமுற்றார். எனினும் தம் வீரரை விட்டு நீங்கவில்லை. லூயிஸ் துப்பாக்கியைத் தாமே இயக்கியதாகவும், இறுதிவரை நின்று போரிடுமாறு வீரரை ஊக்கியதாகவும் பிழைத்தவர்கள் கூறினர். மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு: எலும்பு வெளுத்தாலும் வெளுக்கட்டும், கண் வெளுக்கலாகாது என்பது அதன் கருத்து. கண் வெளுத்தல் என்பது மானமிழந்து ஏமாந்து நிற்றலைக் குறிக்கும். மானம் போவதினும் உயிர் போவது நன்று என்னும் இப்பழமொழியை அட்னானோடு இணைத்துப் பேசுவது மலாய் மக்களின் வழக்கம்.

‘சி’ கம்பெனியின் தலைவரான கேப்டன் ரிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியும் அப்போரில் மாண்டார். குன்றில் நின்றோருள் மிகச் சிலரே உயிர் தப்பினர். அவருள் ஒருவர் கார்ப்பரல் யாக்கோப். வீழ்ந்து கிடந்த உடல்களினிடையே விழுந்து, அசையாது கிடந்து உயிர் தப்பிய அவர் கண்ட காட்சிகளே பின்னர் இவ்வரலாற்றுக்குச் சான்றாயின.

படுகாயமுற்ற நிலையில் அட்னான் பகைவரிடம் சிக்கினார். போர்க்கைதி ஒருவனுக்குரிய நடத்தை அவருக்குக் கிட்டவில்லை. அவரைத் துன்புறுத்திக் கொன்றனர்.

செய்தியும் கதையும்

அட்னான் இறந்த விதத்தைப் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. மரத்திற் கட்டிக் குத்திக் கொன்றனர் என்பர் சிலர். கொன்றபின் உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டனர் என்பர் வேறு சிலர். போர்க்களத்தில் உயிர்தப்ப முயன்றுகொண்டிருந்த சிலரின் கண்களே சான்றாக உள்ளபோது இத்தகைய வேறுபாடுகள் தோன்றுதல் இயல்பு. பின்னர் வந்த நாடகங்களும், 2000-ஆம் ஆண்டில் மலேசியாவில் வெளிவந்த ‘லெப்டினன்ட் அட்னான்’ என்னும் திரைப்படமும் இவ்வரலாற்றைப் பலரிடம் கொண்டு சேர்த்தன; அத்துடன் கற்பனையும் சிறிது சேர்ந்தது.

வரலாறு கற்பிப்போர் இங்கு விழிப்பாக இருத்தல் நலம். செய்திகள் வேறுபடும் இடத்தில் மிகக் கொடியதைத் தேர்ந்தெடுத்துக் கூறினால் மாணவர் உள்ளம் உருகும் என்பது உண்மையே. ஆயின் உருக்கம் வேறு, உண்மை வேறு. எல்லாச் செய்திகளும் ஒத்துக்கூறும் பகுதியே போதுமான அளவு பெரிது: அவர் காயமுற்றார், களத்தை விட்டு நீங்கவில்லை, சிறைப்பட்டார், கொல்லப்பட்டார். அவருடைய உடலுக்கு ஒரு கல்லறையும் இல்லை. இவற்றுக்குமேல் கூட்டிச் சொல்வதால் அவர் புகழ் கூடாது. குறைத்துச் சொல்வதாலும் குறையாது. வேடத்தினிடையே உண்மையைக் கண்டறிந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கால், பேசுவோரும் உண்மையை விட்டு விலகாதிருத்தலே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

பயன் யாது?

பிப்ரவரி 12 முதல் 14 வரை நடந்த போரில் மலாயாப் பிரிகேடு இழந்த உயிர்கள் 159 என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பிரிட்டிஷ் அதிகாரிகள் 6 பேர். மலாய் அதிகாரிகள் 7 பேர். ஏனைய வீரர் 146 பேர். குன்று வீழ்ந்த அதே நாளில் ஜப்பானியர் அலெக்சாண்டிரா மருத்துவமனைக்குள் புகுந்து, நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கொன்ற கொடுமை நிகழ்ந்தது. மறுநாள் 15-ஆம் தேதி மாலை, புக்கிட் தீமாவிலுள்ள போர்ட் தொழிற்சாலையில் பெர்சிவல், யமாஷிட்டா முன்னிலையில் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்.

கணக்கிட்டுப் பார்ப்போர், ஒரு நாள் தாமதத்தைத் தவிர இத்தனை உயிர்களால் கிடைத்தது ஒன்றுமில்லை என்பர். வேறு சிலர் இதனினும் கூர்மையான வினா ஒன்றை எழுப்புவர். இரண்டு வல்லரசுகள் பிறர் நாட்டின்மேல் கொண்ட ஆசையால் மூண்ட போரில், ஆளப்பட்ட மக்களில் ஒருவர் ஆளுவோர் ஒருவருக்காக உயிர் விடுதல் தகுமா என்பதே அவ்வினா. இவை ஒதுக்கத்தக்க வினாக்கள் அல்ல.

ஆயின் குன்றின்மேல் நின்றவரின் இடத்திலிருந்து பார்த்தால் விடை வேறாகத் தோன்றும். போரைத் தொடங்கியவர் அவரல்லர். தொடங்கிய போர் அவருடைய மண்ணுக்கு வந்தது. லண்டனில் இருந்த அரசு அவர் கண்முன் இல்லை. கண்முன் இருந்தவர்கள் அவரை நம்பி நின்ற 42 பேர். முதுகுக்குப் பின்னே இருந்தவை நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையும், பல இன மக்கள் அஞ்சி நெருங்கிக் கிடந்த நகரமும். காஜாங்கில் இருந்தது அவருடைய குடும்பம். இவர்களுக்கும் பகைவர்க்கும் நடுவே அவர் நின்றார். தாம் காத்த நகரம் மறுநாள் சரணடையும் என்பதை அவர் அறியார். அறிந்திருந்தாலும் அன்றைய கடமை மாறியிராது. ஒரு செயலின் பெருமையை அதன் விளைவால் மட்டும் அளப்பது வாணிகர் கணக்கு. அச்செயலைச் செய்தவருக்கு அந்நேரத்தில் எது கடமையாக இருந்தது, அதனை அவர் எவ்வாறு ஆற்றினார் என்று அளப்பதே அறத்தின் கணக்கு.

இன்னொரு பயனும் விளைந்தது. இவ்விளைஞர்கள் நிலைத்து நிற்பார்களா என்று 1933-இல் எழுப்பிய ஐயத்துக்கு அக்குன்று விடை கூறிற்று. மலாயாப் போரை நடத்திய தளபதி பெர்சிவல், போருக்குப் பின் வெளிவந்த தம் அறிக்கையில், பாசிர் பாஞ்சாங் முகட்டில் மலாய்ப் பட்டாளம் மிகச் சிறப்பாகப் போரிட்டதையும் பேரிழப்பை ஏற்றதையும் குறிப்பிட்டுப் பாராட்டினார். சோதனைக் கம்பெனி என்ற பெயர் வைத்தவர்களின் தலைவரே தந்த சான்று அது. எனினும் அச்சான்று வேண்டும் என்பதற்காக அவ்வீரர்கள் போரிடவில்லை. பணிவும் உண்மையும் என்னும் இரு சொற்களைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதற்காகப் போரிட்டனர்.

நகரம் வீழ்ந்த பின்னரும் அச்சொற்கள் மறையவில்லை. சிறைப்பட்ட மலாய் அதிகாரிகளிடம், பட்டாளத்தை விட்டு விலகிவிடுமாறு ஜப்பானியர் கூறியபோது, அதனை மறுத்துச் சிலர் அம்மாத இறுதியில் உயிர் கொடுத்தனர். அட்னான் தனி ஒருவராக எழுந்து நின்ற மரமல்லர். தோப்பில் ஓங்கி நின்ற மரம்.

பெயர் பொறித்த கல்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரும் புகழும் பொறித்துப் போற்றுவது பழந்தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக அதனை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும் தொல்காப்பியம். மொழியும் சமயமும் வேறாயினும், வீழ்ந்தவனை மறவாமை என்னும் அப்பண்பு மனித இனம் முழுமைக்கும் பொது.

பிரிட்டிஷ் அரசு அட்னானுக்கு வீரத்துக்கெனத் தனிப் பதக்கம் எதுவும் வழங்கவில்லை. அப்போரில் பணிபுரிந்தோர்க்கெல்லாம் பொதுவாக உரிய பதக்கங்களே அவர் பெயருக்கும் உரியவாயின. ஆயினும் மக்கள் மறக்கவில்லை. சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள கிராஞ்சிப் போர் நினைவிடத்தில், கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கற்றூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அட்னானின் பெயரும் ஒன்று. அக்கற்களில் மலாய்ப் பெயர்களுக்கு அருகே இந்தியப் பெயர்களும், ஆங்கிலேயப் பெயர்களும், ஆஸ்திரேலியப் பெயர்களும் எழுத்தளவில் வேறுபாடின்றி நிற்கின்றன.

புக்கிட் சண்டிலேயே பெப்பிஸ் சாலையில் இருந்த பழைய மாளிகை ஒன்று நினைவில்லமாக மாற்றப்பட்டு, 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், நகரம் வீழ்ந்ததன் அறுபதாம் ஆண்டு நிறைவில், திறந்துவைக்கப்பட்டது. பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அபின் ஆலையால் பெற்ற பெயர் மாறவில்லை. ஆனால் அப்பெயரைக் கேட்போர் நெஞ்சில் எழும் நினைவு மாறிவிட்டது.

மாணவர்களை அழைத்துக்கொண்டு அக்குன்றுக்குச் செல்லும் ஆசிரியர்கள், அங்குள்ள துப்பாக்கிகளையும் படங்களையும் காட்டுவதோடு அமையாது, கீழே வளைந்து செல்லும் பெப்பிஸ் சாலையையும் ஒருமுறை காட்டுவது நலம். அச்சாலையில் நால்வர் நால்வராக வந்த அணியைக் கண்டு, ‘இவர்கள் நம்மவரல்லர்’ என்று தெளிந்தவர் ஒரு காலத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்தவர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். வீரம் என்பது நெஞ்சில் திடீரெனக் கொதித்தெழும் சினத்தால் மட்டும் வருவதன்று; நாள்தோறும் பொறுமையாகக் கற்ற ஒழுங்கு, நெருக்கடி நேரத்தில் கைகொடுத்து நிற்பதே வீரம். அதனை விளைவிக்கும் பணி பாசறையில் தொடங்குவதற்கு முன்னரே வகுப்பறையில் தொடங்கிவிடுகிறது.